நார்வே ‘பொய்’ ஆன பாதை

யாமல் கோப்பு ஒன்றில் நாட்டுக் குறியீடுகளைப் பட்டியலிடுகிறோம். ஐஎஸ்ஓ 3166 தரப்படி ஸ்வீடனுக்கு எஸ்இ, டென்மார்க்குக்கு டிகே, நார்வேக்கு என்ஓ. பைதானின் பையாமல் நூலகம் இதைப் படித்து முடித்ததும் ஸ்வீடனும் டென்மார்க்கும் அப்படியே இருக்கும். நார்வே மட்டும் ‘பொய்’ என்ற பூலியனாகிவிடும். நிரலாளர்கள் இதற்கு வைத்த பெயரே ‘நார்வே பிரச்சினை’.

அந்த ஈரெழுத்து போகிற வழியைப் பார்ப்போம். முதலில் ஸ்கேனர். அது எழுத்துகளைச் சேர்த்து ஒரு டோக்கன் ஆக்குகிறது; மேற்கோள்குறி இல்லாத சொல் என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அடுத்து பார்சர். டோக்கன்களை ‘பட்டியல் தொடக்கம், ஒரு மதிப்பு, பட்டியல் முடிவு’ என நிகழ்வுகளாக்குகிறது. இதுவரை என்ஓ என்ஓதான்.

யாமலுக்கான பொதுச் சோதனைத் தொகுப்பு கவனிப்பது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான். அதில் நிகழ்வுக்கு ஒரு வரி. வெறும் சொல் என்றால் அதன் முன்னால் முக்காற்புள்ளி, மேற்கோளுக்குள் இருந்தது என்றால் அந்த மேற்கோள்குறியே நிற்கும். நம் ஈரெழுத்து முக்காற்புள்ளியோடு சரியாக வந்து நிற்கும், சோதனை தேறிவிடும். பார்சர்மேல் குற்றமே இல்லை.

குற்றம் அடுத்த கட்டத்தில். நிகழ்வுகளை மரமாக அடுக்கும்போது, டேக் (வகைக்குறி) இல்லாத ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு டேக்கைத் தேடி ஒட்டுகிறது பையாமல். மரத்தை அங்கேயே நிறுத்தி அச்சிட்டுப் பாருங்கள்: கணுவின் மதிப்பு இன்னமும் என்ஓ, ஆனால் டேக் ‘பூல்’. நாடு தொலைந்தது இங்கேதான். கடைசிக் கட்டம் டேக்கைப் பார்த்து மதிப்பைப் ‘பொய்’ ஆக்குகிறது, பாவம், அது சொன்னதைச் செய்கிறது. இரண்டும் சிறிய எழுத்து, இரண்டும் பெரிய எழுத்து, முதலெழுத்து மட்டும் பெரிது என மூன்று வடிவங்களும் மாட்டும். முதலெழுத்தைச் சிறியதாகவும் அடுத்ததைப் பெரியதாகவும் எழுதினால் தப்பிவிடும்! டேக் தேடும் விதியில் அந்த வடிவம் இல்லை.

அந்த விதி 2005இல் வந்த யாமல் 1.1 உடையது. பூலியனை ‘யெஸ், நோ, ஆன், ஆஃப்’ என்று மனிதர் எழுதுவதுபோல் எழுதட்டும் என்ற நல்லெண்ணம்; என்ஓவைச் சேர்த்துப் படித்தால் ஆங்கில ‘நோ’தானே. அதே நல்லெண்ணம்தான் 22:22 என்ற போர்ட் இணையை அறுபதின் அடிமான எண்ணாக்கி 1342 என்று தருகிறது. 2009இல் வந்த 1.2 இரண்டையும் கைவிட்டது. அதன் பரிந்துரைப்படி பூலியனுக்கு ‘ட்ரூ, ஃபால்ஸ்’ மட்டுமே. பையாமல் இன்றும் 1.1 பக்கமே நிற்கிறது.

கோப்பு எழுதுபவர்கள் நாட்டுக் குறியீட்டை மேற்கோள்குறிக்குள் போடுங்கள். யாமல் நூலகத்துக்குச் சோதனை எழுதுபவர்கள் மரத்தின் வடிவத்தையும் மதிப்பையும் சரிபார்த்ததோடு விட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு கணுவின் டேக்கையும் சரிபாருங்கள்.