வெள்ளைக் கொடியின் கீழ் ஒரு கைது

ஒசியோலா என்றதும், ஒப்பந்தத் தாளைக் கத்தியால் குத்தும் வீரனின் படத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். அந்தக் கத்திக் கதையை வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பதில்லை. போகட்டும். புளோரிடாவின் செமினோல் மக்கள் யாரோடு சேர்ந்து போரிட்டார்கள் என்பதை அந்தப் படம் சொல்வதே இல்லை.

பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தும் சட்டம் 1830இல் வந்தது. நிலத்தின் மீதான பசி ஒரு காரணம்தான். ஜார்ஜியா, தெற்குக் கரோலினா தோட்டங்களிலிருந்து தப்பிய கறுப்பின மக்கள் செமினோல்களின் அருகே தனி ஊர்கள் அமைத்து, விளைச்சலில் ஒரு பங்கைக் கொடுத்து, கையில் துப்பாக்கியோடு வாழ்ந்தார்கள். அவர்களைச் செமினோல் தலைவர்கள் சிலர் உடைமையாகவே கருதினார்கள். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஓடிப்போனால் பிழைக்கலாம் என்பதற்கு அந்த ஊர்களே சாட்சி. ஆண்டைகளின் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். இது இந்தியர்களுடனான போர் அல்ல, கறுப்பர்களுடனான போர் என்று படைத்தளபதி ஜெசப்பே 1836இல் எழுதினார்.

ஒசியோலா பரம்பரைத் தலைவர் அல்ல. அலபாமாவில் பிறந்து, 1813-14 கிரீக் போருக்குப் பின் அகதியாகப் புளோரிடா வந்த சிறுவன். 1835இல் அரசு முகவர் வைலி தாம்சன் அவருக்கு விலங்கு பூட்டினார். அந்த டிசம்பர் 28 அன்று கிங் கோட்டைக்கு வெளியே தாம்சன் கொல்லப்பட்டார். அதே நாளில் வேறிடத்தில் மேஜர் டேடின் படை, நூற்றுக்கும் மேற்பட்டோர், ஏறக்குறைய முழுதாக அழிந்தது.

இளம் தோழர்கள் கவனிக்க வேண்டியது 1837. மார்ச் மாதம் ஜெசப் ஓர் உடன்பாடு செய்தார்: செமினோல்கள் மேற்கே போகலாம், அவர்களோடு இருக்கும் கறுப்பினத்தவரும் கூடவே போகலாம். தோட்ட முதலாளிகள் கொதித்தார்கள். ஜெசப் வாக்கு மாறினார். முகாம்களில் அடிமை பிடிப்போர் நுழைந்தார்கள். ஜூன் மாதம் ஓர் இரவு ஒசியோலாவும் முதியவர் அபியாக்காவும் வந்து, டாம்பா விரிகுடா அருகே கப்பலுக்குக் காத்திருந்த சுமார் 700 பேரை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் மறைந்தார்கள். ஒசியோலாவின் ஆகப்பெரிய வெற்றி இதுதான் என்பேன். ஒரு தோட்டாகூட வெடிக்காத வெற்றி என்பதால் யாரும் இதைப் படமாக வரையவில்லை போலும்.

அக்டோபரில் வெள்ளைக் கொடி ஏற்றிப் பேச்சுவார்த்தைக்கு நின்றவரை, ஜெசப்பின் ஆணைப்படி சுற்றிவளைத்துக் கைது செய்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளே காறித் துப்பின. 1838 ஜனவரி 30 அன்று மோல்ட்ரி கோட்டைச் சிறையில் ஒசியோலா நோயால் இறந்தார். சிகிச்சையளித்த மருத்துவர் வீடன் அவர் தலையை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார்.

போர் 1842 வரை நீண்டது. அபியாக்கா பிடிபடவே இல்லை. சதுப்புக் காட்டில் அவரோடு தங்கியவர்களின் வாரிசுகள் இன்றும் புளோரிடாவில் இருக்கிறார்கள். கறுப்புச் செமினோல்களின் தலைவர் ஜான் ஹார்ஸ் மேற்கே அனுப்பப்பட்டார். அங்கும் அடிமை பிடிப்போர் விடவில்லை. 1850இல் தன் மக்களோடு ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து, அடிமைமுறையை ஏற்கெனவே ஒழித்துவிட்டிருந்த மெக்சிகோவுக்குள் போய்ச் சேர்ந்தார்.