வெட்டிய படம் எங்கே போகிறது?

போன செமஸ்டர் ஜூரிக்கு முந்தின ராத்திரி நடந்த கூத்தில் இருந்து தொடங்குகிறேன். சைட் பிளானுக்கு அடியில் ஒரு செயற்கைக்கோள் படத்தை வைத்து, மனையின் கோணல்மாணலான எல்லைக்குள் மட்டும் தெரிகிற மாதிரி ஆட்டோகேடில் வெட்டியிருந்தேன். டிராயிங் ஃபைலை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பிரிண்ட் கடைக்குப் போனால்... படத்தைக் காணோம்! வெறும் சட்டமும், நடுவில் என் கம்ப்யூட்டரின் ஃபோல்டர் பெயரும்தான் இருந்தன.

அப்போது வந்த சந்தேகம்தான் இந்தப் பதிவு. கம்ப்யூட்டரில் படத்தை "வெட்டுகிறோம்" என்கிறோமே, நிஜமாகவே எதையாவது வெட்டுகிறோமா?

கத்தரிக்கோல் காலத்தில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. மீஸ் வான் டெர் ரோ 1930களின் கடைசியில் அமெரிக்காவின் வயோமிங்கில் ரீசர் குடும்பத்துக்காக ஒரு வீடு வரைந்தார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே தெரியும் காட்சியை அவர் வரையவில்லை, புகைப்படத்தை ஒட்டினார். 1942இல் இன்னும் துணிச்சல்: ஆல்பர்ட் கான் வடிவமைத்த விமானத் தொழிற்சாலையின் உட்புறப் புகைப்படத்தின் மேலேயே காகிதத் துண்டுகளை ஒட்டி இசை அரங்கம் ஆக்கிவிட்டார். இரண்டுமே கட்டப்படவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் வெட்டி எறிந்த துண்டு குப்பைக்குத்தான். அண்டூ கிடையாது :)

கம்ப்யூட்டரில் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. 1963இல் எம்.ஐ.டி. மாணவர் ஐவன் சதர்லாண்ட் ஸ்கெட்ச்பேட் செய்தபோது, வரைபடம் பெரிது, திரை சின்னது. திரைக்கு வெளியே போகும் கோடுகளை ஓரத்தில் நிறுத்தியாக வேண்டும். அதாவது "எதைக் காட்டாமல் விடுவது" என்ற கணக்கு. 1974இல் அவரும் கேரி ஹாட்ஜ்மனும் பலகோணங்களுக்கு ஒரு வழி சொன்னார்கள்: எல்லையின் ஒவ்வொரு பக்கமாக எடுத்து, அதற்கு வெளியே இருப்பதை நீக்கிக்கொண்டே வருவது. ஒரு நிபந்தனை, வெட்டும் எல்லையில் உள்பக்கம் மடங்கிய மூலை இருக்கக்கூடாது. நம் 'எல்' வடிவ மனை அங்கேயே அவுட்.

அந்த மூலையைத் தாண்டியவர்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கெவின் வைலரும் பீட்டர் ஆதர்டனும் (1977). ஒரு வடிவத்தின் ஓரமாகவே நடந்து போங்கள். இன்னொன்றின் கோடு குறுக்கிட்டால் அதன் மேல் திரும்பி நடங்கள். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டால் வெட்டிய வடிவம் ரெடி! நடுவில் ஓட்டை இருந்தாலும் சமாளிக்கும். எனக்குப் பிடித்த விஷயம், அந்தக் கிராஃபிக்ஸ் கூடத்தை உருவாக்கிய டொனால்ட் கிரீன்பெர்க் கட்டடக்கலைப் பேராசிரியர். நம்ம ஆள்!

ஆட்டோகேட் 1982இலேயே வந்துவிட்டாலும், 1997இன் 14ஆம் பதிப்பில்தான் 'இமேஜ்கிளிப்' கமாண்ட் நம் கைக்கு வந்தது. நேர்க்கோடுகளால் எந்த வடிவத்திலும் எல்லை போடலாம். வட்டம் வேண்டுமென்றால் சின்னச் சின்னக் கோடுகளாக நிறையப் பக்கம் வைத்து ஏமாற்ற வேண்டியதுதான்.

ஆனால் பாருங்கள், அது படத்தைத் தொடுவதே இல்லை. டிராயிங்கில் இருப்பது படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற விலாசமும், எதுவரை காட்டுவது என்ற எல்லையும் மட்டுமே. எல்லையை டெலீட் செய்தால் முழுப் படமும் திரும்பி வந்து நிற்கும். பிரிண்ட் கடையில் நான் விழித்ததும் இதனால்தான். (ஈ-டிரான்ஸ்மிட் கொடுத்திருந்தால் படத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கும். அப்போது யாருக்குத் தெரியும்?)

2000இல் வந்த ஸ்கெட்ச்அப்பிலும் இதே போலத்தான். படத்தை எக்ஸ்ப்ளோட் செய்து, மேலே கோடு வரைந்து வெளிப்பக்கத்தை அழித்தாலும் ஃபைலுக்குள் முழு டெக்ஸ்ச்சரும் உட்கார்ந்திருக்கும். 'மேக் யுனீக் டெக்ஸ்ச்சர்' கொடுத்தால்தான் அந்தத் துண்டு மட்டும் தனிப் படமாகிறது. கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வருவது அது ஒன்றுதான் என்பேன்.

அடுத்த சப்மிஷனுக்கு உஷாராக, ஸ்கேன் செய்த சர்வே தாளையும் டிராயிங்கோடு சேர்த்தே குரூப்பில் கொடுத்தேன். நண்பன் ஒருவன் சும்மா இருக்காமல் இமேஜ்கிளிப்பில் 'ஆஃப்' தட்டியிருக்கிறான். ஓரத்தில் சார் சிவப்பு மையில் என்னைத் திட்டி எழுதியிருந்த நாலு வரியும் வகுப்பு முழுக்கப் படித்தாகிவிட்டது.