மறைந்த ஜீவராசிகள் – 9: இரவல் பெயரில் ஒரு பிராணி

சென்ற வாரம் நாம் கண்ட மொரீஷியஸ் தீவின் டோடோப் பறவை, அழிந்தொழிந்தாலும் ஒரு வகையில் பாக்கியசாலி. அதற்கென்று ஒரு பெயரும், ஓவியர்கள் தீட்டிய சித்திரங்களும் எஞ்சின. மத்தியதரைக் கடலில் அருகருகே கிடக்கும் கோர்சிகா, சார்டினியா என்னும் இரு தீவுகளில் நெடுங்காலம் பல்கிப் பெருகி வாழ்ந்த ஒரு சின்னஞ்சிறு பிராணிக்கோ அந்தப் பாக்கியமும் வாய்க்கவில்லை.

இன்று விஞ்ஞானிகள் புரோலாகஸ் என்று குறிக்கும் அந்த ஜந்து, சுமார் அரைக் கிலோ எடையுள்ளது. இமயத்தின் பாறைச் சரிவுகளில் இன்றும் ஓடித் திரியும் பைக்காவுக்கும், நாம் நன்கறிந்த முயலுக்கும் உறவு பூண்டது. மேல்தாடையின் முன்பற்களுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் இன்னொரு சிறிய ஜோடிப் பற்களே, அது எலிக் குலத்தைச் சேர்ந்ததன்று என்பதற்குச் சாட்சி.

ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் கோர்சிகாவில் வந்திறங்கிய ஆதிமனிதர்களுக்கு அதுவே கைக்கெட்டிய ஆகாரமாயிற்று. போனிஃபாசியோவை ஒட்டிய பாறை மறைவுகளில் கிடைத்த அதன் எலும்புகளுள் பல, சதைப்பற்றில்லாத நுனியில் மட்டும் கருகியிருந்தமையால், பிராணியை அப்படியே நெருப்பில் வாட்டித் தின்றனர் என்பது தெளிவாயிற்று.

கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க சரித்திராசிரியர் பொலிபியஸ், கோர்சிகாவில் முயல்கள் உண்டென்று எழுதிய முன்னோர் ஒருவரை மறுத்து, அங்கே இருப்பது தூரத்தில் சிறுமுயல் போலத் தோன்றினாலும், பிடித்துப் பார்த்தால் உருவிலும் ருசியிலும் வேறுபட்டு, பெரும்பாலும் மண்ணுக்கடியில் வசிக்கும் பிராணி என்று குறித்தார். அதைக் குழிமுயல் என்பாரும் உளர், நமது புரோலாகஸ் என்பாரும் உளர். 1774-ல் சார்டினியாவின் விலங்குகளைப் பற்றி நூலியற்றிய ஏசுசபைப் பாதிரியார் ஃபிரான்செஸ்கோ செட்டியோ, தவோலாரா என்னும் குட்டித் தீவில் நிலமெங்கும் வளை தோண்டிய பெரிய எலிகளைப் பற்றி எழுதினார். அவை இதன் கடைசி வாரிசுகளாயிருக்கலாமென ஓர் ஊகம் உண்டு. பெருகிய வயல்களும், கப்பலேறி வந்த எலிகளும், மனிதன் கொணர்ந்த நாய்களும் சேர்ந்தே அதன் கதையை முடித்திருக்க வேண்டுமென்று அறிஞர் கருதுகின்றனர்.

1830-ஐ ஒட்டி ஜெர்மானிய விஞ்ஞானி ருடால்ஃப் வாக்னர், சார்டினியாவின் எலும்புகளை ஆராய்ந்து அதற்கு முதன்முதலாகச் சாஸ்திரப் பெயர் இட்டபோது, வைத்தது லாகோமிஸ், அதாவது ‘முயல் எலி’! பிற்பாடு வந்த புரோலாகஸுக்கோ ‘முயலுக்கு முந்தியது’ என்று பொருள். ருசியறிந்து உண்ட தீவுவாசிகள் அதை என்ன சொல்லி அழைத்தார்களோ, அந்தச் சொல் மட்டும் எந்தப் பாறையிலும் பதிந்திருக்கவில்லை.

(தொடரும்)