கட்டிங் மெஷின் வாங்கப் போறீங்களா? டிஸ்க்கில் இருக்கும் இந்த நம்பரைப் பாருங்க!

உத்தமபாளையம் பக்கம் திராட்சைப் பந்தலுக்கு ஆங்கிள், கம்பி வெட்ட வீட்டிலேயே ஒரு கட்டிங் மெஷின் இருந்தால் வசதிதான். ஆனா வாங்கும்போது எத்தனை வாட்ஸ்னு மட்டும் கேட்டால் போதாது.

4 இன்ச் மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுற்றும். அதற்கான டிஸ்க்கில் பொதுவாக 15,000 ஆர்பிஎம்-க்கு மேல் அச்சிட்டிருப்பார்கள். 7 இன்ச் டிஸ்க் தாங்குவதோ சுமார் 8,500தான்! கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க்கை மாட்டினால் சுற்றும்போதே வெடித்துச் சிதறலாம். மரம் அறுக்கும் பல் பிளேடும் வேண்டவே வேண்டாம். கட்டையில் சிக்கினால் மெஷின் கையை விட்டு எகிறும்.

கையை எடுத்ததும் ஆஃப் ஆகும் சுவிட்ச், பக்கவாட்டுக் கைப்பிடி உள்ள மாடலாகக் கேளுங்க. தோட்டத்து ஈரத்தில் வேலை என்றால் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். நனைந்த டிஸ்க்கைக் காயவைத்து மாட்டாதீங்க.