மின்வாளைப் பிடிக்க யார் கற்றுத் தந்தது? மரவேலையாளர் பயிற்சி ஒன்றில் மூன்று நாட்கள்

எனது தச்சுப் பட்டறைக்கு முதலாவது மின் கருவியை 2012 இல் வாங்கினேன். அது ஒரு கிறைண்டர். கடைக்காரர் பிளக்கில் செருகி, ஓடுகிறது என்று காட்டிவிட்டுப் பெட்டியில் போட்டுத் தந்தார். எதற்குப் பாவிக்கலாம், எதற்குப் பாவிக்கக் கூடாது என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பின்னரும் சொல்லவில்லை. அண்மையில் எங்கள் மாவட்டத்தில் மரவேலையாளர்களுக்கென நடந்த மூன்று நாள் செய்முறைப் பயிற்சிக்குப் போன பிறகுதான், இத்தனை ஆண்டுகளும் என் விரல்கள் தப்பியது அதிர்ஷ்டத்தால் மட்டுமே என்பது விளங்கியது.

பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். பெரும்பாலானோர் பல வருடங்கள் தொழில் செய்தவர்கள். அங்கே கற்றவற்றில் முக்கியமானவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். பட்டறை வைத்திருப்போருக்கும், பிள்ளையை மரவேலைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கும் இது உதவக்கூடும்.

கைக்கருவிக்கு ஆசான் இருந்தார்

நான் ஐயாவிடம் தொழில் பழகிய காலத்தில் முதல் சில மாதங்கள் உளி தீட்டுவதும் மரம் பிடித்துக் கொடுப்பதும்தான் வேலை. சீவுளியைக் கையில் தருவதற்கே அவர் நாள் பார்த்தார். வன்னியில் அப்போது மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையால் எரிபொருளும் இல்லை. கைவாள், இழைப்புளி, உளி, கொட்டாப்புளி ஆகியவற்றாலேயே கதவும் கட்டிலும் செய்தோம். இடப்பெயர்வில் அந்தக் கருவிகளையும் இழந்தோம்.

போர் முடிந்த பின்னர் நிலைமை வேகமாக மாறியது. கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது. இந்திய வீட்டுத்திட்டம் உட்படப் பல வீட்டுத்திட்டங்கள் வந்தன. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கதவும் யன்னலும் தேவைப்பட்டன. கைவாளோடு நின்றவர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கடன்பட்டாவது மின் கருவி வாங்கினோம். கைக்கருவியைப் பழக வருடங்கள் எடுக்கும், ஆகவே அதற்கு ஆசான் தேவைப்பட்டார். மின் கருவியை ஓட வைக்க ஒரு பொத்தானை அமத்தினால் போதும் என்பதால் அதற்கு ஆசான் தேவையில்லை என்று நினைத்துவிட்டோம்.

பயிற்சியின் முதல் நாள் காலையில் ஒரு பெண் எழுந்து, "சேர், மெஷினை ஓட வைக்க முதல் என்னென்ன பார்க்கவேணும்?" என்று கேட்டார். காணாமல் ஆக்கப்பட்ட கணவரின் பட்டறையை மகனோடு சேர்ந்து நடத்துபவர் அவர். ஆண்கள் சிலர் சிரித்தார்கள். பயிற்றுநர் சிரிக்கவில்லை. "தங்கச்சி கேட்டதுக்கு இஞ்ச இருக்கிற ஆர் பதில் சொல்லுவியள்?" என்று எங்களைக் கேட்டார். ஒருவரும் முழுமையாகச் சொல்லவில்லை.

கிறைண்டரில் மரவாள் பிளேட்

முதலில் எடுக்கப்பட்டது கிறைண்டர்தான். எங்கள் பகுதிப் பட்டறைகளில் கிறைண்டரின் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு, பல் வைத்த மரம் வெட்டும் பிளேட்டைப் பூட்டி வேலை செய்வது சாதாரணம். நானும் அப்படித்தான் செய்தேன். கருவியின் கையேட்டிலேயே இதைச் செய்ய வேண்டாம் என்று எழுதியிருக்கும். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது வேகம். 4 அங்குலக் கிறைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 தடவை சுற்றும். அந்த வேகத்தில் பிளேட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. மரவாள் பிளேட்டுகள் பல அந்தச் சுற்றுக்குச் செய்யப்பட்டவை அல்ல. பிளேட்டில் அச்சிடப்பட்டுள்ள உச்சச் சுற்று, கருவியின் சுற்றைவிடக் குறைவாக இருந்தால் அதைப் பூட்டவே கூடாது.

இரண்டாவது பிடி. உராய்வுக் கல் மரத்தில் கௌவாது, பல் கௌவும். கௌவியவுடன் கருவி உதைத்துக்கொண்டு பிடித்தவரின் கையையோ தொடையையோ கழுத்தையோ நோக்கி வரும்.

மூன்றாவது சுவிட்ச். பல கிறைண்டர்களில் சுவிட்சைத் தள்ளிவிட்டால் அது பூட்டிக்கொண்டு நிற்கும். கை நழுவி விழுந்தாலும் பிளேட் சுற்றிக்கொண்டே இருக்கும். வட்ட வாளில் விரலை எடுத்தவுடன் மின் நின்றுவிடும்.

"மரம் வெட்ட வட்ட வாள் இருக்குது. கிறைண்டர் இரும்புக்கும் கல்லுக்கும்" என்றார் பயிற்றுநர். அன்று மாலை வீட்டுக்குப் போய் நான் செய்த முதல் வேலை, அந்தப் பிளேட்டைக் கழற்றியது.

வாள் ஏன் உதைக்கிறது?

இரண்டாம் நாள் முழுவதும் வட்ட வாள். வெட்டு வாய் மூடிக்கொண்டு பிளேட்டை இறுக்கும்போதுதான் வாள் உதைக்கிறது. பலகையின் இரண்டு முனைகளையும் மேசைகளில் வைத்து நடுவில் வெட்டினால், வெட்டு முடியும் நேரத்தில் நடுப்பகுதி தொய்ந்து பிளேட்டை நெரிக்கும். பலகையின் வேலைக்குரிய பகுதியை முழுதாகத் தாங்கி, கழிவுத் துண்டு தானாக விழும்படி விடவேண்டும். எங்களில் ஏழு பேர் இதைத் தலைகீழாகச் செய்து வந்திருக்கிறோம்.

அன்று பழகிய மற்றவை:

பிளேட்டின் பல் பலகைக்குக் கீழே 3 முதல் 6 மில்லிமீற்றர் வரை தெரிந்தால் போதும். தேவைக்கு மேல் ஆழம் வைத்தால் உதையும் காயமும் பெரிதாகும்.

கீழ்க் காப்பு மூடியைக் கம்பியால் கட்டி வைக்கக் கூடாது. வெட்டி முடித்து, மூடி மூடியதைப் பார்த்த பிறகே வாளைக் கீழே வைக்க வேண்டும்.

வாளுக்கு நேர் பின்னே நிற்காமல் ஒரு பக்கம் விலகி நிற்க வேண்டும்.

வட்ட வாளின் பல் கீழிருந்து மேலாக வெட்டும். ஆகவே பலகையின் நல்ல முகம் கீழே இருந்தால் அது சிலும்பாது.

பிளேட் மாற்றும்போது சுவிட்சை நிறுத்துவது போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும்.

ரவுட்டரில், கையால் பிடித்து வெளி ஓரத்தைச் சீவும்போது மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த் திசையிலும், உள் ஓரத்தில் முள்ளின் திசையிலும் நகர்த்த வேண்டும். மாறி நகர்த்தினால் கருவி ஓடிவிடும்.

உடுப்பு பற்றியும் சொல்லப்பட்டது. சாரத்தோடும் செருப்போடும் வேலை செய்வது எங்கள் வழக்கம். சாரத்தின் தொங்கல், சோல், நீளக்கை, காப்பு, கட்டாத தலைமுடி எல்லாவற்றையும் சுழலும் கருவி இழுத்துக்கொள்ளும். கையுறையும் அப்படித்தான். பாதுகாப்பு என்று நினைத்து அதைப் போட்டுக்கொண்டு துளையிடும் கருவியைப் பிடிப்பவர்கள் உண்டு. கையுறையை இழுத்தால் கையையும் சேர்த்தே இழுக்கும்.

கிளாம்ப் என்ற இன்னொரு கை

எங்களில் ஒருவருக்கு இடது முன்கை இல்லை. 2009 இல் எறிகணையில் இழந்தவர். வட்ட வாளை அவரிடம் பயிற்றுநர் கொடுக்கவில்லை. அதை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் மேசையில் பொருத்திய துளையிடும் இயந்திரத்திலும், பலகையைக் கிளாம்பால் இறுக்கிவிட்டு ஜிக்சோவிலும் அவர் செய்த வேலை எங்கள் எல்லோரையும்விடச் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு துண்டையும் இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கி, அசைத்துப் பார்த்து, பிறகே கருவியைத் தொட்டார். நாங்கள் சிறிய துண்டுகளை இடது கையாலோ காலாலோ அமத்திப் பிடித்துக்கொண்டு வெட்டுபவர்கள்.

"எனக்கு ஒரு கை எண்டபடியால் இதைப் பழகினன். உங்களுக்கு ரெண்டு கை இருக்குதெண்டு பழகாமல் விட்டிட்டியள்" என்றார்.

மின்சாரம்

எங்கள் மின்சாரம் 230 வோல்ற். 1,400 வாற் வாள் ஒன்று ஏறத்தாழ 6 அம்பியர் இழுக்கும். மெல்லிய வயரில் நீளமாக இழுத்தால் அழுத்தம் குறைந்து மோட்டர் சூடாகும், வயரும் சூடாகும். நீடிப்பு வயர் குறைந்தது 1.5 சதுர மில்லிமீற்றர் தடிப்பாக இருப்பது நல்லது. சுருளில் உள்ள வயரை முழுவதும் அவிழ்த்துவிட்டே பாவிக்க வேண்டும்.

மிக முக்கியமானது 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். மின் ஒழுகினால் நொடியின் சிறு பகுதியில் இது துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறையாவது அமத்திப் பார்க்க வேண்டும். கருவியின் பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பிட்டது, அதற்கு நில இணைப்பு தேவையில்லை. அந்த அடையாளம் இல்லாத கருவிக்கு நில வயர் கட்டாயம்.

மரத்துக்குள் இருக்கும் போர்

பயிற்றுநர் பல் உடைந்த பிளேட் ஒன்றைக் காட்டி, "இது என்னத்திலை பட்டது?" என்று கேட்டபோது எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னோம். வன்னியில் போருக்கு முன்பிருந்து நிற்கும் வேம்பு, மா, பாலை மரங்களுக்குள் எறிகணைச் சிதறல்களும் சன்னங்களும் இருக்கின்றன. மரம் அவற்றைச் சுற்றி வளர்ந்து மூடிவிட்டது. கைவாள் அதில் பட்டால் சத்தம் கேட்கும், நிறுத்திவிடலாம். வேகமாகச் சுற்றும் பிளேட்டில் பட்டால் கடினப் பல் தெறித்து முகத்துக்கு வரும்.

இதற்கான வழி: பட்டையில் வீங்கிய தழும்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அறுத்த முகத்தில் கருநீலக் கறை தெரிந்தால், இரும்பு மரத்தின் துவர்ப்புச் சாறோடு சேர்ந்த அடையாளமாக அது இருக்கலாம். காந்தம் மேற்பரப்புக்கு அருகிலுள்ள இரும்பை மட்டுமே காட்டும். ஈயமும் செம்பும் அதில் ஒட்டா. கையில் பிடிக்கும் உலோகம் கண்டறியும் கருவி இவற்றையும் காட்டும். சில பட்டறைகள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். சிதறல் அல்லாமல் முழுப்பொருள் ஏதும் மரத்திலோ வேரடியிலோ தெரிந்தால், வேலையை நிறுத்தி, தொடாமல், பொலிஸாருக்கோ கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்துக்கோ அறிவிக்க வேண்டும்.

காதும் மூச்சும்

வட்ட வாள் முதன்முதலில் மண்டபத்துக்குள் அலறியபோது இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதன் பிறகு ஓட்டுபவர் "ஓட்டுறன்" என்று உரத்துச் சொல்லி, எல்லோரும் தலையாட்டிய பின்னரே சுவிட்சை அமத்துவது என்று முடிவெடுத்தோம். இரண்டு பேரும் மதியத்துக்குள் திரும்பி வந்தார்கள். நான் இப்போது பட்டறையிலும் இதைச் செய்கிறேன்.

85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. வாளின் சத்தம் 100 டெசிபல் அளவில் இருக்கும். அந்தச் சத்தத்தைக் காதுக் காப்பில்லாமல் கேட்கக்கூடியது வெறும் 15 நிமிடம் என்று அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. என் இடது காது 2009 இலிருந்து மந்தம். "கேளாத காதுக்கு என்ன காப்பு" என்றுதான் இருந்தேன். மிச்சமிருக்கும் கேள்திறனையும் இழந்தால் பேரப்பிள்ளையோடு கதைக்க முடியாது என்பதை அங்குதான் யோசித்தேன்.

மரத்தூள் வெறும் தூசி அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இலேயே அதைப் புற்றுநோய் ஏற்படுத்தும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. மூக்கு உட்பகுதியில் வரும் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு உண்டு. முதிரைத் தூள் தோலில் கடியும் புண்ணும் ஏற்படுத்தும். முகத்தில் சுற்றும் துவாய் நுண்தூளைத் தடுக்காது, என்95 வகை முகக்கவசம் தேவை.

சான்றிதழும் சட்டமும்

மூன்று நாள் பயிற்சியின் சான்றிதழ், தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் அல்ல. ஆனால் பல வருடம் தொழில் செய்தவர்கள் முழுப் பாடநெறியையும் படிக்காமல், முன் அனுபவத்தை மதிப்பிடச் செய்து அந்தத் தகைமையைப் பெற வழி உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். வெளிநாட்டு வேலைக்கோ ஒப்பந்த வேலைக்கோ கேட்கப்படுவது பெரும்பாலும் இதுதான்.

கூலிக்கு வேலை செய்பவர் காயப்பட்டால், 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலாளியிடம் நட்டஈடு கோரலாம். விரல் இழப்பும் அதில் அடங்கும். சொந்தப் பட்டறைக்காரருக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. விரல் போனால் கடன் தவணை மட்டும் நிற்கும்.

பயிற்சிக்குப் போகுமுன் கேட்கவேண்டியவை

ஒவ்வொருவருக்கும் கருவியைக் கையில் தருவார்களா, பார்க்க மட்டுமா? ஒரு கருவிக்கு எத்தனை பேர்? கண், காது, மூச்சுக் காப்புகள் தருவார்களா? பிளேட் மாற்றவும் பழுது பார்க்கவும் சொல்லித் தருவார்களா? உடலில் இழப்போ சிதறலோ உள்ளவர்களுக்கு ஏற்ப மேசையும் கிளாம்பும் உண்டா? கருவி விற்பதற்காகவே நடத்தப்படும் பயிற்சியா? நான் போனதில் விற்பனை இருக்கவில்லை. எல்லா இடத்திலும் அப்படி இராது.

புதிதாகக் கருவி வாங்க இருப்போர், பெரிய இயந்திரத்துக்கு முன்னர் ட்ரிப் சுவிட்ச், நான்கு கிளாம்ப், கண் கண்ணாடி, காதுக் காப்பு ஆகியவற்றை வாங்குங்கள். நான் அவற்றை வாங்கியது முதல் கருவிக்குப் பல வருடங்களுக்குப் பின்னர். என்னிடம் வேலை பழகும் பொடியனுக்கு இப்போது முதல் வாரம் முழுவதும் பிளக் கழற்றிய வாளைத்தான் கொடுத்திருக்கிறேன். பிடிக்கவும், மரத்தைத் தாங்கவும், நிற்கவும் பழகட்டும். ஐயா எனக்கு உளியைத் தர எடுத்த காலத்தோடு பார்த்தால் ஒரு வாரம் அதிகமில்லை.