சிறுகிழங்கின் ஒன்றுவிட்ட அண்ணன்

கடையம், பாவூர்சத்திரம் பக்கம் விளையும் சிறுகிழங்கு, பொங்கல் நெருங்கினால் திருநெல்வேலிச் சந்தைக்கு வந்துவிடும். சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோலெடுப்பதற்குள் கை கறுத்துப்போகும். போன வருடம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றி ஒரு செய்தி சுற்றியது. பெரியம்மா உடனே போன் செய்தார். "ஏல, நம்ம சிறுகிழங்கு கொழுப்பக் கரைக்குமாம்லா? மாத்திரையாவே விக்கானாம்."

மாத்திரை உண்டு. கிழங்குதான் வேறு. கற்பூரவல்லி, சிறுகிழங்கு, மருந்துக் கூர்க்கன் மூன்றும் கோலியஸ் என்ற ஒரே பேரினத்துப் பங்காளிகள். செய்தியில் சொன்ன பொருள் மூன்றாவதன் வேரில் இருக்கிறது. பெயர் ஃபோர்ஸ்கோலின். பெரியம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். கொழுப்புக் கதை சீக்கிரம் முடிந்துவிட்டது, வேறொரு கதை கிடைத்தது.

மருந்துக் கூர்க்கன் வேரைக் குஜராத்தில் ஊறுகாய் போட்டுச் சாப்பிடுவார்கள். 1970களில் பம்பாய் முலுண்டில் இருந்த ஹெக்ஸ்ட் நிறுவன ஆய்வகம் இந்திய மருந்துச் செடிகளை வரிசையாகச் சோதித்தது. நோயல் டிசூசா, சுஜாதா பட் இருந்த குழு இந்த வேரில் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு பொருளைப் பிரித்து, 1977இல் அதன் அமைப்பை வெளியிட்டது. அதே காலத்தில் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் இதே வேரிலிருந்து ஒன்றைப் பிரித்து, கோலியோனால் என்று பெயர் வைத்தது. இரண்டும் வேறு வேறு என்றுதான் கொஞ்ச காலம் நினைத்தார்கள். பிறகு ஒன்றே என்று தெரிந்தது. நிலைத்தது பம்பாய்ப் பெயர். அந்தப் பெயருக்குள் இருக்கும் பீட்டர் ஃபோர்ஸ்கால், இந்தியா பக்கமே வராமல் 1763இல் ஏமனில் இறந்துபோன தாவரவியலாளர். லக்னோக்காரர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பாவமாக இருக்கிறது.

உறவுச் செடிகளிலும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

இந்தப் பொருள் உடலில் என்னதான் செய்கிறது? 1981இல் அமெரிக்காவில் பெதஸ்டாவில் சீமன், பேட்ஜெட், டேலி மூவரும் விடை சொன்னார்கள். அதற்குச் சின்ன முன்கதை வேண்டும். அட்ரினலின் மாதிரி ஹார்மோன் செல்லுக்குள் நுழைவதில்லை. வெளிச்சுவரில் இருக்கும் ஏற்பியைத் தட்டிவிட்டு நின்றுவிடும். உள்ளே அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதி விழித்து, சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறைத் தயாரிக்கும். இதைக் கண்டுபிடித்த எர்ல் சதர்லேண்டுக்கு 1971இல் நோபல் கிடைத்தது. 1968இல் வால்ஷும் கிரெப்ஸும் அடுத்த கண்ணியைப் பிடித்தார்கள். சைக்ளிக் ஏஎம்பி வந்து ஒட்டினால் ஒரு கைனேஸ் கட்டவிழ்ந்து, மற்ற புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஏற்றத் தொடங்கும். பாஸ்பேட் ஏறினால் புரதத்தின் நடத்தை மாறும், இறக்கினால் பழையபடி. எங்கள் தொழிலில் இதை ஃபிளாக் என்போம்.

ஃபோர்ஸ்கோலின் ஏற்பியைச் சட்டையே செய்வதில்லை, நேராக அந்த நொதியையே பிடித்து உலுக்குகிறது. ஹார்மோனுக்கு ஹார்மோன் ஏற்பி வேறு, செல்லுக்குச் செல் வேறு. நொதியோ ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் உண்டு. இதயம், கொழுப்பு, தைராய்டு என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் ஒரே உலுக்கல். மருந்தாக அது பெரிய சங்கடம். ஜப்பானில் அதன் நீரில் கரையும் வடிவம் ஒன்று இதயச் செயலிழப்புக்குப் பயன்பட்டது, அவ்வளவுதான். ஆனால் ஆய்வகத்துக்கு அதுவே வரம். எந்தச் செல்லானாலும், எந்த ஹார்மோனும் இல்லாமல், இந்தப் பாதையைத் திறந்து பார்க்கலாம்.

அப்படித்தான் கதை செல்லின் உட்கருவுக்குள் போனது. சைக்ளிக் ஏஎம்பி கூடினால் சில மரபணுக்கள் வேலை தொடங்குகின்றன என்று தெரியும். சுவருக்கு அருகே நடக்கும் காரியம் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏவுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? கலிஃபோர்னியாவில் சால்க் நிறுவனத்தின் மார்க் மாண்ட்மினி 1987இல் கிரெப் என்ற புரதத்தைப் பிரித்தார். டிஎன்ஏவிலேயே உட்கார்ந்திருக்கும் புரதம் அது. 1989இல் அவரும் கொன்சாலஸும் எலிச் செல்களில் ஃபோர்ஸ்கோலினை ஊற்றிப் பார்த்தபோது, கிரெப்பின் 133ஆவது இடத்திலுள்ள செரினில் பாஸ்பேட் ஏறுவது 6 மடங்கு கூடியது. அந்த ஒரு செரினை மாற்றிவிட்டால் மரபணு எழவில்லை. கட்டவிழ்ந்த கைனேஸ் உட்கருவின் துளை வழியே உள்ளே நுழைந்துவிடும் அளவுக்குச் சிறியது என்பதும் அந்தக் காலகட்டத்தில்தான் தெளிவானது. நினைவு நீண்டகாலம் தங்குவதற்கு இந்தக் கிரெப் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டியவர்களில் ஒருவர் எரிக் காண்டல், 2000இல் நோபல் வாங்கியவர்.

"சித்தர்கள் அன்றே சொன்னது" என்ற வரியும் அந்த வாட்ஸ்அப் செய்தியில் இருந்தது. எனக்கு அதில் எரிச்சல்தான். வேரை ஊறுகாயாக்கிய அறிவு ஒன்று, 133ஆவது செரினைக் கண்ட அறிவு இன்னொன்று. இரண்டையும் ஒரே வரியில் திணித்தால், இரண்டுக்கும் நடுவே முலுண்டிலும் லக்னோவிலும் உட்கார்ந்து வேரைக் கரைத்துக் கரைத்துப் பிரித்தவர்கள் காணாமல் போகிறார்கள்.

கொழுப்புச் செய்திக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வு 2005இல் 30 ஆண்களிடம் 12 வாரம் நடந்தது. கொழுப்பு விகிதம் குறைந்தது, எடை சொல்லும்படி குறையவில்லை. இதற்கிடையில் காட்டில் வேரைத் தோண்டித் தோண்டி மருந்துக் கூர்க்கனே அருகிவிட, சேலம், ஆத்தூர் பக்கம் விவசாயிகள் அதை வயலில் நட ஆரம்பித்தார்கள். அந்த வேர் மாத்திரைக்கும் போகிறது.

பெரியம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "அது வேற கிழங்கு பெரிம்மா, பிரஷர் மாத்திரையோட அதைச் சேத்துத் திங்காதீங்க, ரொம்ப எறங்கிரும். டாக்டர்ட்ட கேக்காம வாங்காதீங்க" என்றேன். "அப்ப நம்ம கிழங்குல ஒண்ணுமில்லையா?" என்று கேட்டார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.