வட வேல்சின் கோட்டைகளும் சிற்றூர்களும்

கோட்டை என்றதும் மதிலும் அகழியும் கொத்தளமுமே நம் நினைவிற்கு வருகின்றன. எனினும், ஒரு கோட்டை எதன்பொருட்டு எழுப்பப்பெற்றது என்பதை அதன் கற்கள் மட்டுமே உரைத்துவிடா. அதன் நிழலில் எவர் குடியேற்றப்பெற்றனர், எவர் பெயர்க்கப்பெற்றனர் என்பவற்றையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். பிரித்தானியத் தீவின் மேற்கிலுள்ள வேல்சு நாட்டின் வடபகுதி இதற்குத் தக்க சான்றாகும். அங்குள்ள கோட்டைகள், சிற்றூர்களை இணைக்கும் மலைப்பாதைகளில் மோட்டார் வண்டியில் சென்று சில நாள்களிற் கண்டு முடிக்கத்தக்க அண்மையில் உள்ளன. அப்பாதையின் வழியே அவற்றை ஈண்டு ஆராய்வோம்.

1282-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் வேல்சு இளவரசன் லிவெலின் ஆப் கிரிபித் போரில் வீழ்ந்தான். அடுத்த ஆண்டே இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு, கான்வி, கர்நார்வன், ஹார்லெக் என்னும் மூன்றிடங்களிலும் கோட்டைப் பணியைத் தொடங்கினான். நான்காவதாகிய பியூமாரிசு 1295-இல் தொடங்கப்பெற்றது. இப்பணிகளுக்குத் தலைவராய் விளங்கியவர் சவாய் நாட்டினின்று வந்த ஜேம்சு என்னும் கட்டடக் கலைஞர்.

முதற்கண் பியூமாரிசை நோக்குவோம். ஒரு மதிலுக்குள் மற்றொரு மதிலும், புறத்தே நீரகழியுமாக ஒழுங்குற வகுக்கப்பெற்ற இக்கோட்டை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. இதற்கு அண்மையில் லான்வைசு என்னும் வேல்சு வணிகவூர் செழித்திருந்தது. புதிய ஊருக்கு அது போட்டியாகலாகாது எனக் கருதி, அதன் மக்களைத் தீவின் மறுபுறத்திற்குப் பெயர்த்தனர். அவர்கள் குடியேறிய இடமே நியூபரோ என்னும் ஊர்.

கான்வியின் வரலாறும் இத்தகையதே. எட்டுப் பெருங்கோபுரங்களையுடைய அக்கோட்டையோடு, ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளமும் 21 கோபுரங்களும் மூன்று வாயில்களும் கொண்ட ஊர்மதிலும் எழுந்தது. முன்னர் அவ்விடத்தில் சிஸ்டர்சியத் துறவியர் மடம் ஒன்றிருந்தது. வேல்சு மக்கள் போற்றிய பெருமன்னன் லிவெலின் ஆப் இயோர்வெர்த் அடக்கம் செய்யப்பெற்றது அம்மடத்திலேயே. எட்வர்டு மடத்தை மேனனுக்கு மாற்றி, அந்நிலத்தில் ஆங்கிலக் குடிகளுக்கு ஊர் வகுத்தான். தோற்றோரின் நினைவிடம் வென்றோரின் அரணாயிற்று.

கான்வியினின்று தெற்கே லான்ரூஸ்டு வழியாகச் சென்றால் தால்வித்தெலன் கோட்டையை அடையலாம். இது வேல்சு இளவரசர்களே எழுப்பியது. மலைக் கணவாயைக் காத்துநிற்கும் சதுரக் கோபுரம் இது. மதில் சூழ்ந்த ஊர் இதனருகே இல்லை. இதனையும் கான்வியையும் ஒப்பிடின், தன் நிலத்தைக் காப்பதற்கும் பிறர் நிலத்தை அடக்குவதற்கும் உள்ள வேறுபாடு இனிது விளங்கும். இதற்கு அண்மையிலுள்ள விபர்னன்ட் பள்ளத்தாக்கிலேதான், 1588-இல் விவிலியம் முழுவதையும் வெல்சு மொழியில் வெளியிட்ட வில்லியம் மார்கன் பிறந்தார் என்பதும் கருதத்தக்கது.

ஹார்லெக் பாறைமேல் நிற்பது. அதன் அடிவாரம்வரை அந்நாளில் கடல் எட்டியமையின், முற்றுகைக் காலத்தும் படிவழியே உணவு பெற இயன்றது. இன்றோ கடல் விலகி, இடையே மணல்மேடுகள் கிடக்கின்றன. 1404-இல் ஓவைன் கிளின்டூர் இதனைக் கைப்பற்றினான். 1409-இல் ஆங்கிலேயர் மீட்டனர். அக்கிளர்ச்சியை ஒட்டி 1401-இலும் 1402-இலும் இயற்றிய சட்டங்கள், ஆங்கில ஊர்களில் வேல்சு மக்கள் நிலம் கொள்வதைத் தடுத்தன. 1624-இலேதான் அவை நீக்கப்பெற்றன.

இறுதியாகக் கர்நார்வன். பல நிறக் கற்கள் வரிவரியாய் அமைந்த மதிலும் பலகோணக் கோபுரங்களும் உடைய இது, பேரரசின் மாட்சியைக் காட்ட எழுந்ததாகும். 1294-இல் மடோக் ஆப் லிவெலின் தலைமையிலான கிளர்ச்சியினர் இதனுட் புகுந்தனர், ஊர்மதிலும் சிதைந்தது. அரசு மீண்டும் கட்டிற்று.

நான்கு கோட்டைகளும் 1986-இல் உலக மரபுச் சின்னங்களாயின. அவற்றின் கட்டட மாட்சி போற்றற்குரியதே. ஆயின், அம்மாட்சியை மட்டும் எழுதும் வரலாறு, லான்வைசு மக்களை இரண்டாம் முறை பெயர்ப்பதாகும் என்பது எம் கருத்து. வேல்சு மக்களை விலக்கி ஆங்கிலக் குடிகளுக்கென வகுத்த கர்நார்வனில், இன்று மிகப் பெரும்பான்மையோர் வெல்சு மொழியே பேசுகின்றனர். கல்வெட்டோடும் இலக்கியத்தோடும் வரலாறு காணும் நம் ஆய்வாளர், கோட்டைகளை ஆராயுங்கால் மக்கள் நாவில் நிலைத்த இம்மொழிச் சான்றையும் கொள்ளுதல் வேண்டும்.